கோதுமை அரைக்காத மில் ஒன்று வேண்டும்

நம் சந்தைகளில் புதிதாக ஒரு சொல் ஏறியிருக்கிறது: 'குளூட்டன் ஃப்ரீ'. தினை மாவு, சாமை மாவு, கம்பு அவல், வரகு முறுக்கு என்று எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அந்த ஸ்டிக்கர். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இது இன்னும் கூடிவிட்டது. ஒட்டுகிற சிலரிடம் அப்படியென்றால் என்னவென்று கேட்டுப் பார்த்தேன். "சுகருக்கு நல்லது சார்" என்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் இந்த ஸ்டிக்கருக்கும் சம்பந்தமே இல்லை. இது வேறு சிலருக்கான சொல். அவர்கள் இதை நம்பிச் சாப்பிடுகிறார்கள். தப்பாகப் போனால் குடல் கெடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் புரதம். சப்பாத்தி மாவு இழுத்தால் அறுந்து போகாமல் வருவதும், பரோட்டா மாஸ்டர் வீசினால் விரிவதும் அதனால்தான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, மக்காச்சோளம் எதிலும் இல்லை. பயறு வகைகளிலும் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் புரதத்தால் ஒரு கெடுதலும் கிடையாது. சிலருக்கு மட்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இதைப் பார்த்துத் தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கும். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. பேதி, வயிற்று உப்பசம், எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் தீராத ரத்தசோகை, வளராத பிள்ளை. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமை ஒவ்வாமை என்பது வேறு; அதில் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு வரும். சீலியாக் அப்படி உடனே காட்டிக்கொடுக்காது, உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். இன்றைக்கு அதற்கு இருக்கும் ஒரே சிகிச்சை, ஆயுள் முழுவதும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான். 'உணவே மருந்து' என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோமே, இவர்களுக்கு அது பேச்சு இல்லை, அப்பட்டமான நிஜம்.

இதைக் கண்டுபிடித்த கதை நெதர்லாந்தில் நடந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் அங்கே பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. வில்லெம் டிக்கி என்ற குழந்தை மருத்துவர், மற்ற பிள்ளைகள் எல்லாம் வாடும்போது தன்னிடம் இருந்த சீலியாக் பிள்ளைகள் தேறுவதைப் பார்த்தார். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. கோதுமைதான் காரணம் என்று அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதில் உறுதியானது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய், நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலான குடல்நோய் மருத்துவர்கள் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வடக்கே ஆயிரம் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல் சீலியாக். தெற்கே பத்தாயிரம் பேருக்கு ஒருவர் அளவில்தான். அப்படியானால் நாம் தப்பித்தோமா? அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த நோய் வருவதற்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், தெற்கே 25 கிராம்.

மரபணு இருக்கிற எல்லோருக்கும் நோய் வராது, மிகச் சிலருக்கே வரும். ஆனாலும் அந்த 25 கிராம் அப்படியே நிற்கவில்லை என்பதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. எங்கள் காட்டூரில் சாயங்காலம் தஞ்சாவூர் ரோட்டில் நடந்தால் போதும், பரோட்டாக் கல் சத்தம் கேட்கும். வீட்டில் சர்க்கரைக்காரர்களுக்கு ராத்திரி சப்பாத்தி, பிள்ளைக்குக் காலையில் பிரெட், நாலு மணிக்கு பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ். கோதுமை நமக்கு அந்நியம் என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்கே துலுக்க நாச்சியாரை முன்னிட்டு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். எங்கள் தலைமுறை பள்ளிக்கூடத்தில் கேர் உப்புமா சாப்பிட்டு வளர்ந்தது. வந்த விருந்தாளி வீட்டு ஆளாகிவிட்டார், அவ்வளவுதான்.

இப்போது உழவர்களாகிய நம் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சாபில், ஹரியானாவில் ஒருவர் கம்பு அறுத்த வயலிலேயே அடுத்த பருவத்தில் கோதுமை நிற்கும். அறுவடை இயந்திரம் ஒன்று, களம் ஒன்று, கிடங்கு ஒன்று. அங்கே கலப்பு வயலிலேயே தொடங்கிவிடுகிறது. நம் பக்கம் அப்படியா? பச்சமலையில் விளையும் சாமைக்கும், துவரங்குறிச்சி மானாவாரியில் விளையும் வரகுக்கும் சுற்றுவட்டாரத்தில் ஒரு கோதுமைத் தாள் உண்டா? உய்யக்கொண்டான் பாசனத்து நெல்லுக்கு உண்டா? கிடையாது. நம் தானியம் களத்தை விட்டுக் கிளம்பும்போது சுத்தமாகக் கிளம்புகிறது. உலகத்தில் எத்தனையோ விவசாயிகளுக்குக் கிடைக்காத வசதி இது. அந்தச் சுத்தத்தைக் கடைசி இரண்டு மைலில், சாக்கிலும் மில்லிலும் கடையிலும் தொலைத்துவிட்டு, அதன் மேல் ஸ்டிக்கரும் ஒட்டுகிறோம்.

ஒரு இயற்கைச் சந்தையில் நான் பார்த்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா தினை மாவுப் பாக்கெட்டைக் கையில் எடுத்துக் கேட்டார்: "தம்பி, இதுல கோதுமை கலந்திருக்குமா?" கடையில் நின்ற இளைஞர் உற்சாகமாக, "அக்கா, நாங்க மருந்தே அடிக்கிறதில்ல. பயப்படாம வாங்குங்க" என்றார். "அது தெரியும் தம்பி. எங்க அரைச்சீங்க?" "மெயின் ரோட்டு மில்லுலதான்." அந்த அம்மா பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டு, தினை அரிசி ரெண்டு கிலோ எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போது பேச்சுக் கொடுத்தேன். மகளுக்குச் சீலியாக். நாலு வயதிலிருந்து எடை ஏறவில்லை. பூச்சி மருந்து, டானிக், இரும்புச்சத்து என்று மூன்று வருஷம் ஓடிப்போய், அப்புறம்தான் கண்டுபிடித்தார்களாம். "மாவா வாங்குனா நம்ப முடியல சார். முழுசா வாங்கி, கல்லு பாத்து, கழுவிக் காயவெச்சு வீட்டு மிக்ஸியிலதான் அரைக்கிறேன். வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு." அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். நம்மில் பலருக்கும் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

மில்லில் எவ்வளவு கலந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கம், இதையும் போட்டுப் பார்த்தேன். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் குளூட்டன் ஃப்ரீ என்று எழுத வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்குள். பன்னாட்டு அளவும் அதுவே. ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அப்படியானால் ஒரு கிலோ தினை மாவில் கால் கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே வரம்பு முடிந்தது. கால் கிராம் என்பது இரண்டு விரலில் எடுக்கும் ஒரு சிட்டிகைதான். ஒருவர் அஞ்சு கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போன பிறகு அந்த மில்லின் பல்லிலும், வாய்த் துணியிலும், சுவரிலும் எத்தனை சிட்டிகை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இது நம் பெண்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. மில்லுக்குப் போனால் முதல் கேள்வியே "முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்பதுதான். மிளகாய்த்தூள் அரைத்த மிஷினில் யாராவது இடியாப்ப மாவு அரைப்பார்களா? மிளகாய்க்குத் தனி மிஷின் வைக்காத மில்லை நான் பார்த்ததில்லை. மிளகாய் நாக்கில் உறைக்கிறது, அதனால் அந்த ஒழுங்கு தானாக வந்துவிட்டது. கோதுமை அந்தக் குழந்தையின் குடலில் மட்டும் உறைக்கிறது.

சாக்கும் அப்படித்தான். பழைய சாக்கு மலிவு என்று மார்க்கெட்டில் கட்டாக வாங்குகிறோம். அதில் கோதுமை வந்த சாக்கு எத்தனை? உதறிவிட்டு வரகைக் கொட்டினால் தையலில் இருக்கும் மாவுத்தூசி போய்விடாது.

மதிப்புக்கூட்டிய பொருள்களில் இன்னும் கவனம் வேண்டும். கூட்டுப் பெருங்காயம் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்து வருவதுதான் வழக்கம். அரிசி மாவு சேர்த்தது தேடினால் கிடைக்கும். நம் சாம்பார் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கிறது. சத்துமாவில் முளைகட்டிய கோதுமை சேர்க்கிறோம். 'ராகி சேமியா', 'தினை பிஸ்கட்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு மைதாவைச் சின்ன எழுத்தில் வைப்பது கம்பெனிகளின் வேலை. நம் குழுக்கள் அதைப் பார்த்துப் படிக்க வேண்டாம்.

சம்பா கோதுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரபு ரகம், இயற்கையில் விளைந்தது, அதனால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம் என்று சிலர் விற்கிறார்கள். இது ஆபத்தான பேச்சு. சம்பா கோதுமையிலும் குளூட்டன் உண்டு. ரகம் பழசா புதுசா, உரம் போட்டதா போடாததா என்பதெல்லாம் சீலியாக் குடலுக்குத் தெரியாது. (மாப்பிள்ளைச் சம்பாவையும் இதையும் ஒன்றாக நினைத்துக் குழம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நெல், தாராளமாகச் சாப்பிடலாம்.)

செக்கு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு, நன்றாகச் சுத்திகரித்த ரீஃபைண்ட் எண்ணெயில் கடலையின் புரதம் ஏறக்குறைய இருக்காது. நம் மரச்செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும். கடலை ஆட்டிய செக்கிலேயே எள் ஆட்டினால் நல்லெண்ணெயிலும் அது வரும். நம் பொருள் உசத்தி என்று சொல்லும் வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே சமயம், கோதுமையே விஷம் என்று நம் கூட்டங்களில் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. பயம் காட்டி வரகு விற்க வேண்டிய நிலைமை நமக்கு வரவில்லை. வடக்கே இயற்கை முறையில் கோதுமை விளைவிப்பவரும் நம் இயக்கத்து ஆள்தான். அந்தப் பேச்சில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, வயிறு சரியில்லாதவர் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுகிறார். டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும், குடலில் எடுக்கும் சதைப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு தட்டை மாற்றுங்கள். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறுதியானவர்களுக்கு நம் சமையலைவிட நல்ல இடம் கிடையாது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, களி, கூழ், பொங்கல் எதற்கும் வெளிநாட்டுப் பாக்கெட் தேவையில்லை. ரவா தோசையும் கேசரியும் கல்யாணப் பந்தியும் ஹோட்டல் தோசைக்கல்லும்தான் இடைஞ்சல். விலை கூடிய குளூட்டன் ஃப்ரீ பிரெட்டுக்குச் சம்பளத்தைக் கொட்டுகிற குடும்பத்துக்கு, நம்பகமான சோள மாவு நியாய விலையில் கொடுக்க நம்மால் முடியும்.

நான் கேட்பது இதுதான். திருச்சி வட்டாரத்துக்குக் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் உள்ளே நுழையாத மில் ஒன்று, இயக்கத்தின் பெயரில் வேண்டும். ஏற்கெனவே மில் வைத்திருக்கும் நண்பர் ஒரு மிஷினை மட்டும் இதற்கு ஒதுக்கினாலும் ஆரம்பிக்கலாம். ஆனால் பக்கத்து மிஷினில் கோதுமை ஓடினால் தூசி பறந்து வரும், தனி அறை வேண்டும். புதுச் சாக்கு வேண்டும். எந்த மூட்டை யார் நிலத்தது, எந்தத் தேதியில் அரைத்தது என்று ஒரு நோட்டு வேண்டும். தஞ்சாவூரில் நிஃப்டெம் இருக்கிறது, உணவுப் பரிசோதனைக் கூடமும் உண்டு; மாதிரி கொடுத்துச் சோதிப்பது பற்றி இயக்கத்தின் பெயரில் எழுதிக் கேட்கலாம். சோதித்து வரம்புக்குள் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டலாம். அதுவரை அதைக் கிழித்துவிட்டு, உண்மையை எழுதுவோம்: 'கோதுமை அரைக்காத மில்லில் அரைத்தது' என்றோ, 'பொது மில்லில் அரைத்தது' என்றோ. சந்தையில் பார்த்த அந்த அம்மாவுக்கு இந்த ஒரு வரி போதும், வாங்குவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு வைக்கிறேன். பழைய மிஷின் விலை, தனி அறைக்கு வாடகை, புதுச் சாக்கு, பரிசோதனைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரு உத்தேசக் கணக்குப் போட்டு எடுத்து வருகிறேன். மில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். பொடி, முறுக்கு போடும் மகளிர் குழுக்கள், இப்போது வாங்கும் பெருங்காய டப்பாவைக் கையோடு கொண்டு வந்தால் அதன் லேபிளைச் சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.