மூன்று கிலோமீட்டரில் ஒரு நூற்றாண்டு

பள்ளி விடுமுறை நெருங்கினால் இளையரிடையே எழும் முதல் கேள்வி, “எங்கே போகலாம்?” என்பதுதான். பாலியா, பேங்காக்கா என்று பேச்சு நீளும். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணத்தில் சென்றடையக்கூடிய செயின்ட் ஜான்ஸ் தீவு அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது.

சிங்கப்பூரின் தென்கரையிலிருந்து ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிறு தீவு அது. கடைத்தொகுதியோ உணவங்காடியோ அங்கு இல்லை. கரையோர மரங்களின் நிழலில் செல்லும் நடைபாதையின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். வேகமாக நடப்பவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நடந்து முடித்து, நான்கு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த படகில் திரும்புவதில் தவறில்லை. ஆனால், எந்த மண்ணில் நடந்தோம் என்று தெரியாமலே திரும்புவது இழப்பு.

1873ஆம் ஆண்டு சிங்கப்பூரில் காலரா பரவிப் பல உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு, 1874இல், இத்தீவில் நோய்த்தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. தொற்று இருப்பதாக ஐயம் எழுந்தால், கப்பலில் வந்தவர்கள் நகருக்குள் செல்லுமுன் இங்கே இறக்கப்பட்டனர். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைப்பு தேடி வந்தவர்கள், ஹஜ் பயணம் முடித்துத் திரும்பியவர்கள் எனப் பலரும் அங்கே நாள்களை எண்ணிக் காத்திருந்தனர். 1930களில் அது உலகின் மிகப் பெரிய நோய்த்தடுப்பு நிலையங்களில் ஒன்றாக இருந்தது.

அவர்களில் நம்மவர்களும் உண்டு. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் பல நாள் கடலில் வந்தவர்களுக்கு, சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும் காலை வைக்க முடியாத நிலை. மலேசிய வாசகர்கள் பினாங்குக்கு அருகில் உள்ள ஜெர்ஜாக் தீவை நினைத்துப் பார்க்கலாம். அங்கும் இதே கதைதான்.

தீவின் கதை அத்துடன் முடியவில்லை. போருக்குப் பிறகு அரசியல் கைதிகள் இங்கே அடைக்கப்பட்டனர். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான திரு தேவன் நாயர் 1951இல் இங்கே தடுத்து வைக்கப்பட்டவர்களில் ஒருவர். 1955இல் அபின் பழக்கத்திற்கு அடிமையானோரை மீட்கும் நிலையம் இங்கே தொடங்கியது. இன்று தேசியக் கடல்சார் ஆய்வுக்கூடம் இயங்குவதும் இதே தீவில்தான். ஒரு காலத்தில் மனிதர்களை அடைத்துவைத்த இடத்தில் இப்போது மாணவர்கள் பவளத்தையும் கடல் உயிரினங்களையும் ஆராய்கிறார்கள்.

இவையெல்லாம் தேர்வுக்கு வருமா என்று சிலர் கேட்கலாம். வராமல் போகலாம். ஆனால், புன்னையும் தாழையும் நம் ஊர்க் கடற்கரைகளுக்கும் இந்தத் தென்தீவுகளுக்கும் பொதுவானவை. ஊரை விட்டு வந்தவர்கள் இங்கே அவற்றைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? அதற்கு விடை பாடநூலில் இல்லை. விடை சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். சில வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். கப்பலில் வந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது.

ஆகவே, இந்த விடுமுறைக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. தீவுக்குப் புறப்படுமுன் வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஆண்டு வந்தீர்கள்? எந்தக் கப்பல்? இறங்கியதும் எங்கே தங்கவைத்தார்கள்? அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். “எனக்கு நினைவில்லை, என் அப்பா சொல்லியிருக்கிறார்” என்று தொடங்கினாலும் நிறுத்திவிடாதீர்கள். 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையம் நாட்டுக்காகச் செய்துவரும் பணியை, நம் குடும்பத்துக்காக நாம் செய்யலாம்.

பிறகு நடக்கச் செல்லுங்கள். குடிநீரும் உணவும் கையோடு இருக்கட்டும். கடைசிப் படகின் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள தகவல் பலகைகளை நின்று படியுங்கள். சிப்பியையோ பவளத் துண்டையோ எடுத்து வராதீர்கள். குப்பையை விட்டு வராதீர்கள்.

நடைபாதை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. முதலில் அவர்களிடம் செல்லுங்கள்.