கும்பலும் அளவையியலும்

கலகம் மூண்டால் ‘கும்பற்புத்தி’ என்றும், மூளாவிடின் ‘உணர்ச்சியற்ற மக்கள்’ என்றும் தீர்ப்புரைப்போர் பலர். இரண்டும் பிழையே. சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1978இல் காட்டிய கணக்கைப் பாருங்கள். நூறு பேர் கூடியுள்ளனர். முதலாமவன் தானாகவே கல்லெறிவான். இரண்டாமவன் ஒருவர் எறிந்தபின் எறிவான். மூன்றாமவன் இருவர் எறிந்தபின். இவ்வாறே நூறாமவன் வரை. முடிவில் நூறு பேரும் கலகக்காரர். இரண்டாமவனும் இருவரை எதிர்பார்ப்பானாயின், முதலாமவன் தனித்தே நிற்பான். மாறியது ஒரு மனமே, கலகமோ இல்லாதொழிந்தது!

பின்வந்த அளவையியலாளரான பல்டாக், ஸ்மெற்ஸ் முதலியோர், அயலாரின் செயலை ஒருவர் அறிவாரா என்பதையும் விதிகளுள் அடக்கினர். அறியாதவன் அசையான், அவனது அமைதி சம்மதமுமன்று, கோழைத்தனமுமன்று.

அளவையியலை வறட்டுக் கல்வியென ஒதுக்கும் நண்பர்களே, கூட்டத்தின் செயலைக்கொண்டு ஒரு சமூகத்தின் இயல்பையே அளந்து பழிப்பதைத் தடுக்க அதனினும் கூரிய கருவி யாது?