மனு எழுதியவர்கள்

இலங்கைப் போர்க்குற்ற விசாரணை என்பதே மேற்குலகின் நாடகம், சட்டத்தை நம்பிய தமிழ் அரசியல்வாதிகள் பாதிக்கப்பட்டவர்களைக் காத்திருக்க மட்டுமே வைத்தார்கள் என்று சக இதழொன்று எழுதியிருக்கிறது. கட்டுரை கோட்பாட்டாளர் ஃபனானில் தொடங்கி ஃபூக்கோவில் முடிகிறது. இடையில் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர்கூட இல்லை. இதை மறுக்காமல் இவ்விதழை அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

சட்டத்தை நம்பிய அந்தத் தமிழ் அரசியல்வாதிகளில் ஒருவர் நடராஜா ரவிராஜ். சாவகச்சேரிக்காரர், வழக்கறிஞர். 2001இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர். அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர். தமிழர் துயரைச் சிங்களவரிடம் சிங்களத்திலேயே பேசியவர். கொழும்பில் வெள்ளை வேன்கள் ஆள் கடத்திய 2006இல், காணாமல்போனோருக்காக மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்தவர்களில் ஒருவர். அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று கிழக்கிலங்கையின் கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தஞ்சமிருந்தவர்கள்மீது ராணுவத்தின் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் கொழும்பு ஐ.நா. அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டத்தில் நின்றார். அதற்கடுத்த காலை நாரகேன்பிட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மெய்க்காவலரான சிங்களக் காவலரும் உடன் மாண்டார். 2016 டிசம்பரில் சிங்கள ஜூரி குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது.

அப்படியானால் தோற்றாரா? 2015இன் ஐ.நா. விசாரணை அறிக்கையில் அவர் கொலை பதிவாகியிருக்கிறது. 2021இல் மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம், இலங்கைச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குத் தந்தது. பெயர், தேதி, இடம் என்று அன்றைக்கே யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அங்கே திரட்ட ஏதாவது இருக்கும். தீர்ப்பு கிடைக்காத வழக்கிலும் அந்த எழுத்து நிற்கும்.

இலக்கியத்திலும் நிற்பவை பெயரும் இடமும்தான். எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்த பலஸ்தீனக் கவிதை மொழிபெயர்ப்புகளைத் தறிவீடுகளில் கைமாற்றிப் படித்தோம். நம்மை உலுக்கியவை அவற்றிலிருந்த மனிதர்களும் ஊர்களும்தான். இன்றைய கோட்பாட்டு எழுத்தில் மனிதர்கள் காணாமல்போய்விட்டார்கள். அமைப்பியல் தொடங்கி எந்த அலை வந்தாலும் முதலில் அடித்துச் செல்லப்படுபவர் பாதிக்கப்பட்டவரே.

எழுதி வைப்பதன் பலனை நம் ஊரிலேயே பார்க்கலாம். முன்பணக் கடனுக்குப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த ஊர் ஆரணி. 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தானாக நம் தெருவுக்கு வந்துவிடவில்லை. கடன் எவ்வளவு, யாரிடம், பிள்ளைக்கு என்ன வயது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் அதிகாரி படியேறுவார். சட்டம் அதிகாரத்தின் கருவி என்பது உண்மைதான். அதைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் திருப்பப் போராடுவதும் அரசியல்தான். உயிரைக் கேட்கும் அரசியல்.

நம் மாவட்டத்து முகாம்களில் ஈழத்தமிழர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல விரும்புவதை, அவர்கள் சம்மதத்தோடு, தேதியும் இடமும் பிசகாமல் எழுதி அனுப்புங்கள். வரும் இதழின் பக்கங்கள் முதலில் அவர்களுக்கே.