மோரே வாசலும் எர்ணாவூரும்

எர்ணாவூரில் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அந்தப் பெயரின் காரணத்தை இன்றைய இளைஞர் பலர் விசாரிப்பதில்லை. இரங்கூனில் கப்பலேறி, ஏறத்தாழ வெறுங்கையுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்களின் சந்ததியார் அங்கே வசிக்கிறார்கள். அதே ஜனங்களின் மற்றொரு கிளை மணிப்பூரின் கிழக்கெல்லையில், மோரே என்னும் சிற்றூரில் வாழ்கிறது. அவ்வூரார் ஜீவனம் செய்வது எல்லை வாசல் ஒன்றை நம்பியே. அந்த வாசலைப் பற்றி டில்லியில் நடக்கும் யோசனைகளுக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உளர். சம்பந்தம் உண்டு என்பதைக் காட்டவே இதை எழுத முற்பட்டோம்.

பர்மாவிலிருந்து அரசு ஒன்று பின்வாங்கும்போதெல்லாம் முதலில் நசுங்கியவன் வாசலை நம்பிப் பிழைத்தவனே. 1937-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. 1941-ல் இந்தியர் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று, அங்கே வாழ்ந்த இந்தியரைக் கலக்காமலே முடிவாயிற்று. காந்தியடிகள் அதை வன்மையாகக் கண்டித்தார். அடுத்த வருஷம் ஜப்பானியர் படை நெருங்க, பிரிட்டிஷார் இரங்கூனைக் கைவிட்டனர். இலக்ஷக்கணக்கான இந்தியர் காட்டுவழியே கால்நடையாய் வந்தார்கள். வழியிலேயே மாண்டவர் ஆயிரமாயிரம். தமு வழியாக மணிப்பூருக்கு வந்த பாதையில் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பாகுபாடு செய்ததாக நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அதே தமுவுக்கு எதிரே நிற்பதுதான் இன்றைய மோரே.

பர்மியரின் மனக்குறையை மறைப்பது நியாயமாகாது. நெல் விலை வீழ்ந்த மந்த காலத்தில் கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறி, 1938-க்குள் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிமார் வசமாயிற்று. உழுதவன் நிலமிழந்தால் அவன் உள்ளம் கொதிக்காதிருக்குமா? ஆனால் அந்நிலத்தில் ஒரு குழிகூடச் சொந்தமில்லாத கூலித் தமிழனும் அந்தக் கோபத்துக்கு இரையானான் என்பதே நமது வருத்தம். 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. 1962-ல் ஜெனரல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-ல் கடைகள் தேசியமயமாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. இந்தியாவின் வெளிநாட்டு மந்திரி சுவரண் சிங் இரங்கூன் சென்று பேசினார். கப்பல்கள் கிடைத்தன, கடைகளும் சேமிப்பும் திரும்பவில்லை. இவ்விதமாக ஏறத்தாழ ஒன்றரை இலக்ஷம் பேர் தமிழ்நாடு வந்து சேர்ந்தனர்.

வந்தவர்களில் சிலருக்கு இங்கும் மனம் ஒட்டவில்லை. தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்தார்கள், தமிழ்ச் சங்கம் கண்டார்கள், வியாபாரத்தில் தலையெடுத்தார்கள். பெரும்பாலோர் பின்னர் வெளியேறிவிட்ட போதிலும், எஞ்சியவர் தமிழை விடவில்லை.

இந்தியாவுக்கும் மியன்மாருக்கும் எல்லை வியாபார உடன்படிக்கை கையெழுத்தானது 1994-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி. 1995 ஏப்ரல் 12-ல் மோரே வாசல் முறைப்படி திறக்கப்பட்டது. முதலில் 22 பண்டங்களையே மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. பிற்பாடு பட்டியல் 62 ஆயிற்று. 2015 டிசம்பர் முதல் பண்டமாற்றை ஒழித்துச் சாதாரண வியாபார முறைக்கு மாற்றினார்கள். 2018 மே மாதத்தில் தரைவழி எல்லை கடக்கும் உடன்படிக்கை ஏற்பட்டு, ஆகஸ்டில் கடவுச்சீட்டும் விசாவும் உள்ளோர் செல்ல வழி பிறந்தது. காகிதத்தில் யாவும் ஒழுங்காகவே இருந்தன.

ஆயினும் 2020 மார்ச்சில் கொள்ளைநோயைக் காரணமாகக் காட்டி வாசல் அடைபட்டது. 2021 பிப்ரவரி 1-ல் மியன்மார் ராணுவம் ஜனநாயக ஆட்சியைக் கவிழ்த்தது. 2022 ஜூலையில் தமுவுக்குச் சென்ற மோரேத் தமிழர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே 3-ல் மூண்ட மணிப்பூர்க் கலகத்தில் மோரேயும் எரிந்தது. 2024 பிப்ரவரியில், எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் தூரம் மலைவாசிகள் விசாவின்றிப் போய்வரும் பழைய ஏற்பாட்டை ரத்துச் செய்வதாக உள்நாட்டு மந்திரி அறிவித்தார். 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலியிடவும் தீர்மானமாயிற்று.

இதற்கிடையே நிலைமை வேறுவிதமாய்த் திரும்பியது. மியன்மார் ராணுவம் எல்லைப் பிரதேசங்கள் பலவற்றிலிருந்து பின்வாங்கியது. மிஜோராமுக்கு எதிரேயுள்ள ரிக்காவ்தார் 2023 நவம்பரில் சின் போராளிகள் வசமாயிற்று. நமது கலதான் நீர்வழித் திட்டத்துக்கு உயிர்நிலையான பலெத்வா நகரை 2024 ஜனவரியில் அரக்கான் சேனை கைப்பற்றியது. நமது உடன்படிக்கைகளோ நேபிடோவுடன் செய்தவை. பட்டா ஒருவன் பேரில், அனுபவம் மற்றொருவன் கையில் என்னும் வழக்கைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறோம். பட்டாதாரனுக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நிலத்தில் நிற்பவனோடு பேசமாட்டேன் என்பவன் ஒரு மரக்கால் நெல்லும் வீடு கொண்டுசேர்க்க மாட்டான். டில்லி சர்க்கார் ராணுவத்தாருடன் உறவை முறிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சட்டப்படியான அங்கீகாரம் வேறு, அரிசியும் மருந்தும் வாசல் கடக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு வேறு என்பதையே வற்புறுத்துகிறோம்.

உலகத்திலும் இதற்குப் பாடம் உண்டு. 2005 செப்டம்பருக்குள் இஸ்ரேல் தன் படையையும் குடியேற்றங்களையும் காஜாவிலிருந்து வாபஸ் வாங்கியது. நவம்பர் 15-ல் வாசல்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பத்து நாளில் ராபா வாசல் ஐரோப்பியக் கண்காணிப்பாளர் முன்னிலையில் திறந்தது. குடியேற்றக்காரரின் கண்ணாடிக் கூடங்களை நன்கொடைப் பணத்தில் வாங்கி, பாலஸ்தீனியர் காய்கனி பயிரிட்டனர். ஆனால் சரக்கு செல்லும் கர்னி வாசல் அடிக்கடி மூடப்பட்டதால் விளைந்தது அழுகிற்று. 2006 ஜூனில் இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவர் சிறைபிடிக்கப்பட்டபின் ராபாவும் பெரும்பாலான நாட்கள் அடைபட்டுக் கிடந்தது. நிலம் கைக்கு வந்தும் வாசல் கைக்கு வராதபோது பொருளாதார மீட்சி என்பது வெறும் பேச்சாயிற்று.

மோரே வழியே போதைப்பொருளும் ஆயுதமும் வருகின்றனவே என்று ஆட்சேபிப்பார்கள். வாஸ்தவம், அதை அலட்சியம் செய்ய யாரும் சொல்லவில்லை. ஆனால் கள்ளச்சரக்கு சுங்கச்சாவடியில் வரிசை நிற்பதில்லை. நேரிய வாசலை அடைத்தால் பாக்கும் பயறும் விற்பவன் பட்டினி கிடப்பான்; காட்டுப் பாதையை அறிந்தவன் கொழுப்பான். சோதனை செய்ய ஆள் நிற்கும் வாசலே பந்தோபஸ்தான வாசல் என்பது நமது துணிபு.

ஆகவே நாம் கோருவன மூன்று. வாசலை மூடும் உத்தரவு எதுவாயினும் காரணமும் கெடுவும் குறித்து வெளியிடப்பட வேண்டும். கெடு கடந்தால் மறுபரிசீலனை நடக்க வேண்டும். எல்லை பற்றிய ஆலோசனையில் மோரேவாசிகளான குக்கி, மெய்தி, தமிழர் முதலிய எல்லா வகுப்பாரின் வியாபாரப் பிரதிநிதிகளுக்கும் இடம் வேண்டும். மணிப்பூரில் சமாதானம் திரும்பவும் அதுவே ஒரு வழியாகும். மூன்றாவதாக, தமிழ்நாட்டு சர்க்காரும் நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களும், தமிழர் இருவர் மாண்டால் மட்டும் அனுதாபச் செய்தி விடுத்து ஓய்ந்துவிடாமல், இவ்விஷயத்தை டில்லியில் இடைவிடாது எழுப்ப வேண்டும்.

1941-லும் 1964-லும் ராஜதந்திரிகள் பேசினார்கள். ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அந்த மூட்டைகளோடு வந்தவர்களின் வீடுகள் எர்ணாவூரில் இருக்கின்றன. மோரேயிலிருந்து இன்னொரு மூட்டை வருமுன் வாசலைப் பற்றி யோசிப்பது சர்க்காரின் கடமை. யோசிக்கும்படி செய்வது நமது கடமை.