மூன்று சிரட்டையும் ஒரு புளியங்கொட்டையும்



நொடி போடுவதும் நொடி அவிழ்ப்பதும் நம் வீடுகளுக்குப் புதியன அல்ல. நிலாக் காலத்தில் முற்றத்திலே பாயை விரித்துப் பாட்டியார் நொடி போட, சிறுவர்கள் விடை தேடித் தலையைச் சொறிந்த காட்சி நம்மிற் பலருடைய நினைவில் இன்னும் நிற்கும். தோல்வியை ஒப்புக்கொண்டாலன்றிப் பாட்டியார் விடையைக் கூறமாட்டார். அந்த ஒப்புக்கொள்ளுதல் இருக்கிறதே, அது நொடியை அவிழ்ப்பதினுங் கடினமானது. அதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத எண்ணுகின்றேன்.

எங்கள் ஊரில் நண்பர் நால்வர் பூரணை தினந்தோறும் மாலையிற் கூடுவது வழக்கம். இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், சங்கக் கடை முகாமையாளர் ஒருவர், மின்னிணைப்பு வேலை செய்பவர் ஒருவர், நான் ஒருவன். தபாலதிபர் வீட்டு விறாந்தையே எங்கள் கழகம். தேநீரும் வெற்றிலைத் தட்டமும் வந்த பின்னர் ஒருவர் புதிரொன்றைப் போடுவார். எங்களுக்குள் இரண்டு விதிகள் உண்டு. விடையை முன்னரே அறிந்தவர் வாய் திறத்தலாகாது என்பது ஒன்று. பிழையான விடை கூறியவர் தாம் எவ்வாறு எண்ணினார் என்பதையுஞ் சொல்லுதல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது விதியினாலேயே நாங்கள் கற்றவை அதிகம்.

புலியையும் ஆட்டையும் புற்கட்டையும் ஆற்றைக் கடத்துவிக்கும் கணக்கை அறியாதார் யார்? தோணியில் ஓடக்காரனோடு ஒன்றையே ஏற்றலாம். அவன் அருகில் இல்லாவிடிற் புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். இக்கணக்கு ஐரோப்பாவிலும் மிகப் பழையது. சார்லமேன் மன்னனின் அவையில் இருந்தவரும் 804 ஆம் ஆண்டிற் காலமானவருமாகிய அல்குயின் என்னும் அறிஞருடையதெனக் கருதப்படும் தொகுப்பொன்றிலே இது காணப்படுகின்றது. ஆங்கே புலிக்குப் பதில் ஓநாய். புல்லுக்குப் பதில் கோவா. இளைஞரின் அறிவைக் கூர்மையாக்குதற்கென்றே அத்தொகுப்புச் செய்யப்பட்டது.

ஆட்டை முதலில் அக்கரை சேர்க்கவேண்டுமென்பது எவருக்கும் தோன்றும். அதன்பின்னரே பலர் மலைத்து நிற்பர். புலியை அக்கரையில் விட்டுவிட்டு ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும். கரை சேர்ந்த பொருளை மீண்டும் பழைய கரைக்குக் கொண்டுவர மனம் இடங்கொடுப்பதில்லை. "வென்ற இடத்தை விட்டுக்கொடுப்பதா?" என்று அது தயங்குகின்றது. அத்தயக்கம் நீங்கினால் ஏழாவது பயணத்தில் எல்லாம் கரை சேர்ந்துவிடும்.

இன்னொரு வகைப் புதிரும் உண்டு. பூட்டிய அறைக்குள் ஒரு மின்குமிழ். வெளியே மூன்று ஆளிகள். எந்த ஆளி அக்குமிழுக்குரியதென்பதை அறையினுள் ஒரே முறை சென்று கூறவேண்டும். கண்ணை மாத்திரம் நம்புபவனுக்கு விடை அகப்படாது. முதலாம் ஆளியைச் சிறிது நேரம் போட்டு வைத்து அணைத்துவிட்டு, இரண்டாவதைப் போட்டுக்கொண்டு உள்ளே செல்லவேண்டும். குமிழ் எரிந்தால் இரண்டாவது. அணைந்திருந்துஞ் சுட்டால் முதலாவது. அணைந்து குளிர்ந்திருந்தால் மூன்றாவது. மோல்ற்றாத் தீவிற் பிறந்த எட்வர்ட் டி போனோ 1967 ஆம் ஆண்டிற் 'பக்கவாட்டுச் சிந்தனை' என்று பெயரிட்டு விளக்கியது இத்தகைய சிந்தனையையே. நேர் வழி அடைபட்டிருக்கும்போது வேறு பக்கமாகச் சென்று பார்த்தல் என்பது அதன் கருத்து.

இதைக் கேட்டதும் மின்வேலை நண்பர் சிரித்தார். "மாஸ்டர், உங்கள் குமிழ் பழைய மின்னிழைக் குமிழ். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழின் மேற்புறம் அவ்வளவு சுடாது. சற்றுத் தாமதித்துத் தொட்டால் ஏமாந்து போவீர்கள்" என்றார். புதிருக்கும் காலம் உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

இனி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகின்றேன்.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், வகுப்பிலே நிகழ்தகவு கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணாக்கருக்கு ஒரு புதிர் போட்டேன். மூன்று பெட்டிகள், ஒன்றிலே பரிசு. நீங்கள் ஒன்றைத் தெரிகின்றீர்கள். பரிசு இருக்குமிடத்தை அறிந்த பெட்டிக்காரன், மற்றைய இரண்டில் வெறுமையான ஒன்றைத் திறந்து காட்டுகின்றான். "உமது தெரிவை மாற்ற விரும்புகின்றீரா?" என்று கேட்கின்றான். மாற்றுவதா, விடுவதா?

எஞ்சியவை இரண்டு பெட்டிகள். ஆதலின் இரண்டுக்கும் சம வாய்ப்பே. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "மாற்றுவதே நல்லது சேர்" என்றான். காரணங் கேட்டேன். சொல்லத் தடுமாறினான். "எண்ணத் தெரியாதவனுக்கு நிகழ்தகவு எதற்கு?" என்று சொல்லி அவனை இருத்தினேன். வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன்.

அடுத்து வந்த பூரணையன்று இதனை வேடிக்கையாக நண்பர்களிடஞ் சொன்னேன். சங்கக் கடை நண்பர் என் பக்கம் நின்றார். மின்வேலை நண்பரோ ஐயப்பட்டார். வாதம் வளர்ந்தது. தபாலதிபர் மாத்திரம் எழுந்து சமையலறைப் பக்கஞ் சென்று, மூன்று சிரட்டைகளோடும் ஒரு புளியங்கொட்டையோடும் வந்தார். "தம்பி, பேசிப் பயனில்லை. ஆடிப் பார்ப்போம்" என்றார்.

அவர் கொட்டையை ஒளித்தார், நான் தெரிந்தேன், அவர் வெறுஞ் சிரட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார், நான் ஒவ்வொரு முறையும் மாற்றினேன். 30 முறை ஆடினோம்; 19 முறை எனக்கே கொட்டை அகப்பட்டது. மாற்றாமல் மீண்டும் 30 முறை ஆடினோம். 12 முறையே அகப்பட்டது. எனக்கு வியர்த்தது. இஃது அதிர்ஷ்டமாயிருக்கலாம் என்றேன்.

தபாலதிபர் தலையை ஆட்டினார். "அதிர்ஷ்டமில்லைத் தம்பி. என் இடத்தில் இருந்து பார்த்தால் விளங்கும். நீர் வெறுஞ் சிரட்டையிற் கை வைத்தபோதெல்லாம் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கொட்டை உள்ளதைத் தூக்க முடியாது. உமது சிரட்டையையுந் தூக்க முடியாது. எஞ்சிய ஒன்றைத்தான் தூக்கினேன். கொட்டை எங்கே இருக்கிறதென்று நானே உமக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார்.

பட்டதாரியாகிய எனக்குப் புலப்படாதது, சிரட்டை தூக்கிய கைக்குப் புலப்பட்டுவிட்டது. நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். முதலிற் சரியானதைத் தெரியும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. பிழையானதைத் தெரியும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. பிழையாகத் தெரிந்திருந்தால், மாற்றுபவனுக்குப் பரிசு நிச்சயம். ஆகவே மாற்றுபவன் மூன்றில் இரண்டு பங்கு வெல்லுவான். இன்னும் ஐயமெனில் நூறு பெட்டிகளை வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒன்றைத் தொட, பரிசு உள்ள இடத்தை அறிந்தவன் வெறுமையான 98 பெட்டிகளைத் திறந்துவிடுகின்றான். எஞ்சிய அந்த ஒன்றை விட்டு உங்கள் முதற் பெட்டியையே கட்டிப்பிடித்திருப்பீர்களா?

ஒன்று மாத்திரம் கவனிக்கத்தக்கது. திறப்பவன் அறிந்தே திறத்தல் வேண்டும். அவனும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திறக்க, அது தற்செயலாக வெறுமையாயிருந்ததெனின், இரண்டுக்கும் சம வாய்ப்பே. எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து, அந்த எண்ணிக்கை எவ்வாறு வந்ததென்பதைப் பாராமல் விட்டதே என் பிழை.

இப்பிழையிலே எனக்குக் கூட்டாளிகள் பலர் இருந்தமையைப் பின்னரே அறிந்தேன். ஸ்டீவ் செல்வின் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் 1975 இல் இப்புதிரை ஓர் ஆய்விதழுக்கு எழுதினார். தொலைக்காட்சிப் போட்டியொன்றை நடத்திவந்த மொன்ரி ஹோலின் பெயர் அதற்கு நிலைத்தது. 1990 இல் மரிலின் வொஸ் சவந்த் என்னும் பெண்மணி, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளோடு அக்காலத்தில் வந்த 'பரேட்' இதழில் தாம் எழுதிவந்த பகுதியிலே, மாற்றுவதே நல்லதென்று விடை எழுதினார். ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை அவர் பிழை என்றே கூறின. ஏறத்தாழ ஆயிரம் கடிதங்கள் கலாநிதிப் பட்டம் பெற்றோருடையவை. அவ்வம்மையார் சினக்கவில்லை, வகுப்பறைகளிலே செய்து பாருங்கள் என்று பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். செய்து பார்த்தவர்கள் அவர் கூறியதே சரியெனக் கண்டார்கள். போல் ஏர்டிஷ் என்னும் பெருங் கணித மேதையும் முதலில் இதனை ஏற்கவில்லை என்பர். கணினி பன்முறை ஆடிக் காட்டிய பின்னரே இணங்கினாராம்.

மேதையே தவறினார் என்பது எனக்கு ஆறுதலாயிருக்கலாம். ஆயினும் அவர் எந்த மாணவனையும் பார்த்துச் சிரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

மறு நாள் மூன்று சிரட்டைகளைப் பையில் இட்டுக்கொண்டு வகுப்புக்குச் சென்றேன். வகுப்பின் முன்னிலையில் அந்த மாணவனை எழுப்பி, "நீ சொன்னது சரி, நான் சொன்னது பிழை" என்றேன். பின்னர் அவனையே சிரட்டை தூக்க வைத்து ஆடிக் காட்டினோம். பிள்ளைகள் மகிழ்ந்து ஆரவாரித்தனர். அவனும் புன்னகை செய்தான். எனினும் அந்தத் தவணை முடியும்வரை, நான் கேட்டாலன்றி, அவன் தானாக எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோணியில் ஏற்றிய ஆட்டைத் திருப்பிக் கொண்டுவரலாம். வாயினின்று புறப்பட்ட சொல்லைத் திருப்பிக் கொண்டுவருதல் அத்துணை எளிதன்று.

அன்று முதல் பிழையான விடை கூறும் பிள்ளையை நான் உடனே இருத்துவதில்லை. "எப்படி எண்ணினாய்?" என்று கேட்கின்றேன். காரணஞ் சொல்லத் தடுமாறுபவன் பிழையானவன் என்று துணிவதுமில்லை. உண்மையைக் கண்டவனுக்கெல்லாம் அதனை உடனே சொல்ல வார்த்தை கிடைத்துவிடுவதில்லை.

பெற்றோர்களே, இன்றிரவு உணவின்பின் வீட்டிலுள்ள சிரட்டைகளை எடுத்துப் பிள்ளைகளோடு ஆடிப் பாருங்கள். நீங்கள் தோற்றால், தோற்றேன் என்று உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உங்களிடமிருந்து கற்கவேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

அடுத்த கிழமைக்கு ஒரு புதிர்: 8 போத்தல் கொள்ளும் பாத்திரம் ஒன்றில் நல்லெண்ணெய் நிறைய உள்ளது. 5 போத்தலும் 3 போத்தலும் கொள்ளும் வெறும் பாத்திரங்கள் இரண்டு உள்ளன. வேறு அளவை கிடையாது. இருவருக்குத் தலைக்கு நான்கு போத்தலாகப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். ஏழே முறை ஊற்றிப் பிரிக்கலாம். எங்ஙனம்? விடை அறிந்தவர்கள் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.