பாண்டுக்காரப் பையனின் கடமை

பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. ஆகஸ்டு 15ஆம் தேதி. பள்ளிக்கூட மைதானத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கோலம் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் இன்னும் வரவில்லை. விருந்தினர் வரவில்லை. மிட்டாய்ப் பெட்டியும் வரவில்லை. ஆனால் மைதானத்து மூலையில், வேப்பமரத்தடியில், இருபது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒருவன் டிரம்மின் தோள்வாரை இழுத்துக் கட்டுகிறான். ஒருத்தி பித்தளைத் தாளத்தைத் துணியால் துடைக்கிறாள். இன்னொருவன் பியூகிளை உதட்டில் வைத்து ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறான்.

இவர்கள்தான் பள்ளிக்கூடத்து பாண்டுக் கோஷ்டி. விழா முடிந்ததும் விருந்தினரின் பேச்சைப் பற்றிப் பேசுவார்கள். கைதட்டல் வாங்கிய நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார்கள். பாண்டைப் பற்றி யாராவது பேசினால், அதில் ஏதோ பிசகு நேர்ந்துவிட்டது என்று அர்த்தம்!

ஆனாலும் பாண்டில் சேர ஆசைப்படாத பிள்ளைகள் குறைவு. பளபளக்கும் யூனிபாரம், தலையில் குஞ்சம் வைத்த தொப்பி, ஊரே பார்க்க முன்வரிசையில் நடக்கும் பெருமை - யாருக்குத்தான் ஆசை வராது? சேருவது சுலபம். நிலைத்து இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஓர் அடி, ஐந்நூறு கால்கள்

கணக்குப் பரீட்சையில் ஒரு பையன் தப்புச் செய்தால், அவனுக்கு மட்டும் மார்க்கு குறையும். பாண்டில் அப்படி இல்லை. அணிவகுப்பில் பெரிய டிரம்மில் விழும் முக்கியமான அடி இடது காலுக்கு உரியது. அந்த அடியைக் கேட்டுத்தான் பின்னால் வருகிறவர்கள் இடது காலைத் தரையில் வைக்கிறார்கள். டிரம் அடிப்பவன் ஒருமுறை தடுமாறினால், ஐந்நூறு பேரின் கால்கள் தடுமாறுகின்றன.

வேக நடைக்கு நிமிஷத்துக்கு 120 அடி என்பது வழக்கமான கணக்கு. வினாடிக்கு இரண்டு அடி. உற்சாகத்தில் பையன் 130 ஆக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பத்துதானே என்று தோன்றும். ஐந்து நிமிஷத்தில் ஐம்பது அடி கூடிவிடும். முன்னால் போகும் பெரிய பையன்கள் சமாளித்துவிடுவார்கள். கடைசி வரிசையில் வரும் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மைதானத்தில் 85 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு டிரம் சத்தம் கால் வினாடி பிந்தித்தான் கேட்கும். அது அரை அடிக்குச் சமம். கோஷ்டி நீளமாக நின்றால், பின்னால் இருப்பவன் காதை மட்டும் நம்பி வாசிக்க முடியாது. தலைவன் தூக்கி இறக்கும் கோலைக் கண்ணால் பார்த்தே வாசிக்க வேண்டும். பாண்டில் கண்ணும் காதைப்போல் ஒரு வாத்தியம்தான்.

இதைவிடப் பெரிய பொறுப்பு தேசிய கீதத்தில் இருக்கிறது. பாண்டு தேசிய கீதத்தை வாசிக்கும்போது, சபையோருக்கு முன்கூட்டித் தெரிவதற்காக முதலில் டிரம் உருட்ட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. மெதுநடையில் ஏழு அடி வைக்கும் நேரம் அந்த உருட்டு ஒலிக்க வேண்டும். மெல்லத் தொடங்கி, ஏறி முழங்கி, பிறகு படிப்படியாகத் தணிய வேண்டும். ஆனால் ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். அதன்பின் ஓர் அடி மௌனம். பிறகுதான் கீதம். முழுக் கீதத்துக்குச் சுமார் 52 வினாடி.

அந்த உருட்டைக் கேட்டுத்தான் கலெக்டரும் எழுந்திருக்கிறார், காவல்காரரும் எழுந்திருக்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இரண்டு குச்சிகள் ஒரு சபையையே எழுப்பி நிறுத்துகின்றன. இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

தீட்சிதர் கேட்ட பாண்டு

"பாண்டு வெள்ளைக்காரன் சாமான், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. சென்னைக் கோட்டையில் கும்பினியார் பட்டாளத்து பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தவர் முத்துசாமி தீட்சிதர். 'நோட்டுஸ்வரம்' என்று அவை இன்றும் பாடப்படுகின்றன. இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு மெட்டுகூட அவர் கையில் அம்பாள் பேரில் கீர்த்தனமாயிற்று. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடிலைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குப் பொருத்தினார். தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் தம் அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியை வைத்திருந்தார். இருநூறு வருஷத்துக்கு மேலாக நம் ஊரில் ஒலிக்கும் வாத்தியம் இது. இன்னும் அந்நியம் என்று சொல்வது பொருந்தாது.

இப்போது பள்ளிக்கூட பாண்டுக்கு டில்லியிலும் மதிப்பு வந்திருக்கிறது. குடியரசு தின விழாவை ஒட்டி மத்தியக் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து தேசிய அளவில் பள்ளி பாண்டுப் போட்டி நடத்துகின்றன. பித்தளை வாத்தியக் கோஷ்டி, பைப் கோஷ்டி என்று இரண்டு வகை. ஆண் பிள்ளைகளுக்குத் தனி, பெண் பிள்ளைகளுக்குத் தனி. பெண் கைக்கு டிரம் பாரம் என்று சொன்ன காலம் போய்விட்டது.

மாணவன் செய்ய வேண்டியது

முதல் கடமை, நேரம். ஆறரை மணிக்குப் பழக்கம் என்றால், ஆறரைக்கு முதல் அடி விழ வேண்டும். ஆறரைக்கு வந்து, வாரைத் தேடி, குச்சியைத் தேடி, தொப்பியைத் தேடுகிறவன் தன் நேரத்தை மட்டும் வீணாக்கவில்லை. பத்தொன்பது பேரின் நேரத்தையும் வீணாக்குகிறான். வர முடியாவிட்டால் முன்னதாகவே சொல்லி அனுப்ப வேண்டும். காய்ச்சல் என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் நிற்பதுதான் குற்றம்.

இரண்டாவது, வாத்தியத்தைப் பேணுவது. அது பள்ளிக்கூடத்தின் சொத்து. நாளை இன்னொரு பிள்ளையின் தோளில் தொங்கப்போவது. டிரம்மின் மேல் உட்காருவது, அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைப்பது, குச்சியால் சுவரைத் தட்டிப் பார்ப்பது - இவை ஆகாது. பக்க டிரம்மின் அடியில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள்தான் அந்தக் கரகரப்பான நாதத்தைத் தருகின்றன. ஒன்று வளைந்தாலும் சுவை கெடும். பியூகிளையும் டிரம்பெட்டையும் ஊதி முடித்ததும் உள்ளே தங்கும் நீரை வடித்துத் துடைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் களிம்பு ஏறும். ஒருவர் ஊதியதை இன்னொருவர் ஊதுமுன் வாய் வைக்கும் பகுதியைக் கழுவ வேண்டும். இது சுத்தத்துக்கு மட்டுமல்ல, ஆரோக்கியத்துக்கும் அவசியம்.

மூன்றாவது, வீட்டுப் பழக்கம். டிரம்மை வீட்டுக்கு எடுத்துப் போனால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். அது தேவையும் இல்லை. இரண்டு குச்சியும் ஒரு பழைய தலையணையும் போதும். பதினைந்து நிமிஷம் வலக்கை, இடக்கை என்று நிதானமாகத் தட்டினால், ஒரு மாதத்தில் கை தானாகப் பேசும். பியூகிளுக்கு விசைகள் கிடையாது. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சாலும்தான் சுரங்கள் பிறக்கின்றன. நாலு நாள் விட்டால் உதடு மறந்துவிடும்.

நான்காவது, சும்மா இருக்கப் பழகுவது. வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர். நிறுத்தத் தெரிந்தவர்கள் சிலர். தலைவனின் கோல் இறங்கியதும் எல்லாக் கைகளும் ஒரே நொடியில் நிற்க வேண்டும். விருந்தினர் பேசும்போது தாளத்தைச் சுரண்டுவது, பக்கத்துப் பையனின் தொப்பிக் குஞ்சத்தை இழுப்பது முதலிய திருவிளையாடல்களைச் சபை முழுவதும் பார்க்கிறது.

ஐந்தாவது கடமைதான் கடினமானது. நடுவழியில் விட்டுப் போகாமல் இருப்பது. குடியரசு தினத்துக்குப் பத்து நாள் முன்பு, "எனக்கு அலுத்துவிட்டது" என்று குச்சியைக் கீழே வைப்பவன், தன் பங்கை மற்றவர் தலையில் வைக்கிறான். விலக வேண்டுமானால் வருஷக் கடைசியில் விலகலாம். போகுமுன் தன் இடத்துக்கு ஒரு தம்பியையோ தங்கையையோ பழக்கிவிட்டுப் போக வேண்டும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளைகளுக்கு ஐந்து கடமை சொல்லியாயிற்று. பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. பல இடங்களில் பாண்டு கெட்டுப்போவது அவர்களால்தான்.

பாண்டு பள்ளிக்கூடத்தின் அலங்காரப் பொருள் என்று நினைப்பது முதல் தவறு. பிரமுகர் ஒருவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். அதுவரை வெயிலில் டிரம்மைச் சுமந்து நிற்பது யார்? பெரியவர்களுக்குப் பந்தல்; பிள்ளைகளுக்குச் சூரியன்! காலையில் ஆறு மணிக்கு வீட்டை விட்டு வந்த பிள்ளை பலகாரம் சாப்பிட்டதா என்று கேட்பார் இல்லை. மயங்கி விழுந்த பிறகு சோடா வாங்க ஓடுகிறார்கள். விருந்தினர் வாசலுக்கு வரும்வரை பாண்டு நிழலில் உட்காரட்டும். அதனால் யாருடைய மரியாதையும் குறையாது.

ஊர்வலம், திறப்பு விழா, தனியார் வீட்டு விசேஷம் என்று கண்ட இடத்துக்கெல்லாம் பள்ளி பாண்டை இரவல் கொடுப்பது இரண்டாவது தவறு. அது பிள்ளைகளின் படிப்பு நேரத்தைத் தானம் செய்வது. தானம் செய்கிறவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர்.

பிசகியதற்கு அடிப்பது மூன்றாவது தவறு. தாளம் தப்பியவனின் முழங்கையில் குச்சியால் தட்டுவதை ஒரு காலத்தில் பயிற்சி என்று நினைத்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், குழந்தைக்கு உடல் தண்டனையும் மனத் துன்பமும் தருவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பயந்த கை ஒருநாளும் தாளம் தவறாமல் அடிக்காது. இது வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மூடிய வகுப்பறைக்குள் பழக்குவது நான்காவது தவறு. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாள் முழுவதும் இருந்தால் காது கெடும் என்று தொழிற்சாலைகளுக்கு எச்சரிக்கிறார்கள். நாலு சுவருக்குள் பத்து டிரம் முழங்கினால் அந்த அளவை எளிதில் தாண்டும். மரத்தடியே சிறந்த பயிற்சிக்கூடம்.

பரீட்சை என்னும் பூதம்

பெற்றோரின் கவலையையும் தள்ளிவிட முடியாது. "பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. டிரம் சோறு போடுமா?" என்கிறார் தகப்பனார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் பதில் சொல்லாததால்தான் வருஷந்தோறும் ஒன்பதாம் வகுப்போடு நல்ல கைகளெல்லாம் நின்றுவிடுகின்றன. சொல்லிக்கொடுக்க மூத்தவர் இல்லை. ஒரு வருஷம் பாண்டு நிற்கிறது. மறு வருஷம் வாத்தியங்கள் சாமான் அறைக்குப் போகின்றன. அதற்கு மறு வருஷம் எலி புகுந்துவிடுகிறது. ஊரார் நன்கொடை கொடுத்து வாங்கிய வாத்தியங்கள் பழைய பித்தளை விலைக்குப் போகின்றன.

இதற்குப் பரிகாரம் பணமல்ல, ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள், பள்ளி தொடங்குமுன் ஒரு மணி நேரம் பழக்கம் போதும். பாட வேளையில் கை வைக்க வேண்டாம். தப்பிப்போன பாடத்தை ஆசிரியர் மறுபடி சொல்லித்தர வேண்டும். "பாண்டுக்குப் போனாயே, அங்கேயே கேள்" என்று குத்தலாகப் பேசக் கூடாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒருவர், ஏழாம் வகுப்பில் ஒருவர் என்று இருவர் இருக்கட்டும். மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்பில் நிம்மதியாகப் புத்தகத்தைப் பிரிக்கட்டும். பழக்க நாள், விழா நாள், வாத்தியத்தின் பொறுப்பு - எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மாணவன், பெற்றோர், தலைமையாசிரியர் மூவரும் கையெழுத்திட வேண்டும். பிள்ளை மட்டும் கையெழுத்திட்டால் அது கட்டளை. மூவரும் இட்டால் அது ஒப்பந்தம்.

யூனிபாரமும் பூட்ஸும் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே அவற்றைத் தர வேண்டும். தாளம் பணக்கார வீடு பார்த்துப் பிறப்பதில்லை. அப்பா கோயில் வாசலில் தவில் வாசிப்பவராகவோ, ஊர்த் திருவிழாவில் பறை முழக்குபவராகவோ இருக்கும் வீட்டிலிருந்து வரும் பையன், மற்றவர் ஒரு மாதத்தில் கற்பதை ஒரு நாளில் பிடித்துவிடுவான். பூட்ஸு இல்லை என்று அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினால், நஷ்டம் பாண்டுக்குத்தான்.

வேப்பமரத்தடியில் நின்ற அந்த இருபது பேரிலும் எல்லோரும் வாத்தியக்காரராகப் போவதில்லை. ஒருத்தி நர்ஸாகலாம். ஒருவன் லாரி ஓட்டலாம். ஒருவன் கடையில் கணக்கு எழுதலாம். ஆனால் தான் ஓர் அடி தவறினால் பின்னால் வருகிறவர்கள் தடுமாறுவார்கள் என்பதைச் சிறு வயதில் தோளில் சுமந்து அறிந்தவர்கள் அவர்கள். அந்த நர்ஸ் நேரத்துக்கு வருவாள். அந்த லாரிக்காரன் நிதானமாக ஓட்டுவான்.

கொடி ஏறப் போகிறது. டிரம் உருளுகிறது. சபை எழுந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். விழா முடிந்து பந்தலைப் பிரிக்கிறபோது, அவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்க யாருக்காவது ஞாபகம் வருமானால், பெரியவர்களும் தங்கள் கடமையைத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லலாம்.