உள்ளத்து இடிபாட்டுக்கு ஏடு எங்கே?

சீனன்குடாக் கரை துன்பத்திற்குப் புதியதன்று. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடலே எழுந்து, அயலூரான கிண்ணியாவின் மருத்துவமனையையும் அழித்தது. துயர் வந்தபோதெல்லாம் அதிகாரிகள் ஏட்டோடு வந்தனர். கூரையை எழுதினர், தோணியை எழுதினர், வயலை எழுதினர். உறக்கம் இழந்த தாயை எந்தப் பத்தியில் எழுதினர்?

1873 இல் அந்நியன் இயற்றிய உளநோய்ச் சட்டம் நோயாளியை அடைத்து வைப்பதையே பெரிதும் பேசிற்று. அதன் கோட்டையாக விளங்கிய அங்கொடையோ கொழும்பின் அருகே, நமக்கு நாட்டின் மறுகரையில்! ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல் வகுத்த உளநலக் கொள்கை, சிகிச்சை மாவட்டங்களுக்கும் வரும் என்றது. நன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்து மனத்தைத் திறக்க முடியுமா? தமிழும் ஆட்சிமொழி என 1987 இல் அரசியலமைப்பு கூறிற்று. காணி உறுதிக்கு மட்டுந்தானா அம்மொழி? கண்ணீருக்கு இல்லையா?

அரசைச் சாடும் நாம் நம்மையும் சாடவேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவைச் சட்டம் 1998 இல் நீக்கிவிட்டது. நம் ஊர் இன்னும் நீக்கவில்லை. 'விசர்' என்ற ஒரு சொல்லால் எத்தனை வாய்களை அடைத்துவிட்டோம்! காய்ச்சலுக்கு மருந்து கேட்பவன் நாணுவதில்லை. கடனில் மூழ்கிய உழவனும் பிள்ளையைத் தொலைத்த தாயும் ஏன் நாணவேண்டும்? 1926 என்ற எண்ணை அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தார் இரவிலும் செவிகொடுப்பர். இன்றே பேசுங்கள்.

நாம் கேட்பது சலுகையன்று; உரிமை. பிரதேச மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தமிழில் கேட்டுத் தமிழில் ஆற்றும் உளவளத் துணையாளர் வேண்டும். அது கிட்டும்வரை ஓயோம்.